வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்: வாங்குமுன் யோசியுங்கள்!



சீட்டுப் பணம் ரூ. 60,000 கைக்கு வந்த அன்று ராத்திரியே எங்கள் வீட்டில் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி ஆறு மாதமாகப் பேச்சு. வாங்கலாமா, வேண்டாமா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் ஆளுக்கொரு அபிப்பிராயம்.

மூத்தவள் தனியார் கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். "காலேஜுக்கு எடுத்துட்டுப் போற மாதிரி லேப்டாப் வேணும்மா" என்றாள். பத்தாவது படிக்கும் சின்னவன் விளையாட்டுக்கென்றே தயாரிக்கிற லேப்டாப் ஒன்றின் படத்தைப் போனில் காட்டினான். எழுத்துப் பலகையில் கலர் கலராய் விளக்கு எரிகிறது. விலை ரூ. 78,000. "மாசத் தவணை போட்டுக்கலாம்மா. எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க" என்றான். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "எதுக்கும்மா அவ்வளவு? பழசு ஒண்ணு பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைக்கும். வாங்கிப் போட்டா ஆச்சு" என்றார். அத்தை மட்டும், "திருப்பூர்ல இருக்கிறவ முகம் அதுல பெரிசாத் தெரியுமா?" என்று கேட்டார்கள். நாத்தனாரைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கும் ஒரு ஆசை இருந்தது. எங்கள் மகளிர் குழுவின் கணக்கை நான்தான் எழுதுகிறேன். மாதாமாதம் நோட்டில் கூட்டிக் கழித்து, ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி பதினொரு மணி வரை தேட வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் அது தானே கூட்டிக் கொடுக்கும் என்கிறார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு அது வருமா என்று பயமும் இருந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் யாரும் வாய் திறந்து பேசாத விஷயம் ஒன்று. என் ஐந்து பவுன் சங்கிலி வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. கடன் ரூ. 1,20,000. வருஷ முடிவில் வட்டி ரூ. 10,800 கட்டித் திருப்பி வைக்காவிட்டால் ஏல நோட்டீஸ் வந்துவிடும். பொன் விலை இருக்கிற இருப்பில் அந்தச் சங்கிலி போனால் மறுபடி அதே எடையில் ஒன்று வாங்க இந்த ஜன்மத்தில் முடியாது. ஆகவே, மறுநாள் காலையில் காபி டம்ளரோடு நான் தீர்ப்பு சொல்லிவிட்டேன். "வட்டிப் பணத்தை முதல்ல எடுத்துத் தனியா வச்சாச்சு. மிச்சம் ரூ. 49,200. அதுக்குள்ள எது வருதோ அதுதான் கம்ப்யூட்டர். தவணை கிடையாது."

போன் போதாதா?

"செல்போன்லயே எல்லாம் இருக்கே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் போன் போதும். எழுதுவதற்குப் போதாது. என் மகள் பன்னிரண்டு பக்கக் கட்டுரையைப் போனில் கட்டைவிரலால் அடித்து முடித்துவிட்டு இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தாள். போன வருஷம் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வரும்போது நேரம் முடிந்துவிட்டது. அந்த வருஷத்து உதவித்தொகை போனது போனதுதான். அதோடு, நம்முடைய ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றின் நகலும் அடுத்தவர் கம்ப்யூட்டரில் தங்கிவிடுகிறது. அழிக்கச் சொல்லிக் கேட்கவும் நமக்குத் தோன்றுவதில்லை.

ஆனால், கம்ப்யூட்டர் வாங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் யார் யாருக்கு எதற்கு வேண்டும் என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். நாங்கள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினோம். கட்டுரை அடிக்க, கணக்குப் போட, விண்ணப்பம் போட, பாடம் பார்க்க, நாத்தனாரோடு முகம் பார்த்துப் பேச, போட்டோக்களைச் சேமிக்க. அவ்வளவுதான் வந்தது. இதில் எதற்கும் ரூ. 78,000 யந்திரம் தேவையில்லை. பட்டியலைப் பார்த்ததும் சின்னவனே வாயை மூடிக்கொண்டான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 மார்ச் தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி கொடுப்பதாக அறிவித்தார்கள். உங்கள் பிள்ளை அந்தப் பட்டியலில் வருமா என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். நாங்கள் கேட்டோம். எங்கள் பெண்ணுக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள்.

சூடு கண்ட பூனை

பழசு வாங்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை தெரியுமா? ஒரு தடவை சூடு பட்டிருக்கிறோம். 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த சமயம். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தாலும், பிள்ளைகளுக்குக் கேள்வித்தாளும் பயிற்சியும் போனில்தான் வந்தன. வெளியூர்க் கடை ஒன்றில் பழைய டெஸ்க்டாப்பை ரூ. 14,000 கொடுத்து வாங்கினோம். பில் கேட்டதற்கு, "பில் போட்டா வரி சேரும்க்கா" என்றார்கள். நாமும் மிச்சம்தானே என்று வந்துவிட்டோம். நாலாவது மாதம் நின்றுபோனது. திறந்து பார்த்தால், 8 ஜிபி என்று சொன்ன இடத்தில் 4 ஜிபிதான் இருந்தது. உள்ளே போட்டிருந்த விண்டோஸும் திருட்டுப் பிரதி. கடைக்காரர், "நான் விற்றேன் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். அதில் சேமித்து வைத்திருந்த என் அப்பாவின் கடைசிப் போட்டோக்களும் போயின. பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

பழசு வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. பில்லும், எழுத்தில் வாரண்டியும் கொடுத்தால் வாங்கலாம். ஆனால், இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் யந்திரத்தில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதில் ஏறாது. அலுவலகங்களில் கழித்துவிடும் கம்ப்யூட்டர்களில் இந்தப் பழைய ரகமும் கலந்து வருகிறது. "ரொம்ப சல்லிசு" என்றால், "விண்டோஸ் 11 முறைப்படி ஏறுமா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

மேடை, அலமாரி, கை

கடைக்குப் போனால் விற்பனைப் பையன் மூச்சு விடாமல் எண்களாகச் சொல்வான். நமக்குத் தலை சுற்றும். எனக்கு என் பெண் சமையல்கட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். உடனே புரிந்துவிட்டது.

பிராசஸர் என்பது சமைப்பவள் கை. கை சுறுசுறுப்பாக இருந்தால் வேலை சீக்கிரம் ஆகும். வீட்டு வேலைக்கு இன்டெல்லில் ஐ-3, ஏ.எம்.டி.யில் ரைஸன் 3 தாராளம். பெயரை மட்டும் பார்க்காமல் எந்த வருஷத்து ரகம் என்றும் கேட்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முந்தைய ஐ-5-ஐவிட இப்போதைய ஐ-3 கெட்டி.

ராம் என்பது சமையல் மேடை. மேடை சின்னதாக இருந்தால் ஒன்றை இறக்கி வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுக்க முடியும். விண்டோஸ் 11 ஏற 4 ஜிபி போதும் என்றுதான் சட்டம். ஆனால், நாலு ஜிபியில் அது நொண்டும். 8 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். பின்னால் மேடையை நீட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில லேப்டாப்புகளில் ராமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். அப்புறம் கூட்டவே முடியாது.

சேமிப்பு என்பது மளிகை அலமாரி. இதில் இரண்டு ஜாதி. ஹார்டு டிஸ்க் என்பது உள்ளே தட்டு சுழன்று, ஒரு ஊசி தேடி எடுக்கிற ரகம். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழல்வது எதுவும் இல்லை. கேட்டவுடன் கொடுக்கும். தட்டினாலும் குலுக்கினாலும் அவ்வளவாகப் பாதிக்காது. வேகம் வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 256 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒரு வீட்டுக்குப் போதும். 512 கிடைத்தால் சௌகரியம்.

எண்கள் இவ்வளவுதான். மற்றதெல்லாம் கடைக்காரரின் வாய்ச் சாமர்த்தியம்.

மேஜையா, மடியா?

டெஸ்க்டாப்பில் சில நன்மைகள் உண்டு. திரை பெரிது. ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். கூடத்தில் ஒரே இடத்தில் இருப்பதால் பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்பது போகிற வருகிற எல்லார் கண்ணிலும் படும். சிறு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் கரண்ட்டை யோசியுங்கள். கரண்ட் போனால் டெஸ்க்டாப் படக்கென்று அணைந்துவிடும். அடித்ததெல்லாம் போகும். அதற்கென்று 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று தனியாக வாங்க வேண்டும். அதுவும் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் தாங்கும். சேமித்துவிட்டு அணைப்பதற்குள் சரியாயிருக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். சாதாரண இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கண நேரத்திலேயே சில கம்ப்யூட்டர் அணைந்து எழுந்திருக்கும். லேப்டாப்புக்கு அதன் பேட்டரிதான் யு.பி.எஸ்.

மின்சாரக் கணக்கும் போட்டோம். டெஸ்க்டாப் திரையோடு சேர்த்து 100 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் நாலு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 24 யூனிட். லேப்டாப் 40 வாட் என்றால் சுமார் 10 யூனிட். பெண்ணும் கல்லூரிக்கு எடுத்துப் போக வேண்டும். ஆகவே லேப்டாப் என்று முடிவாயிற்று. உங்கள் வீட்டில் யாரும் வெளியே எடுத்துப் போக வேண்டாம், கரண்ட்டும் ஒழுங்காக இருக்கிறது என்றால் டெஸ்க்டாப்பே நல்லது.

கடையில் நான் கேட்டவை

மூன்று கடை ஏறி இறங்கினோம். விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ராம், எஸ்.எஸ்.டி. விலை ஏறியிருக்கிறது. செயற்கை அறிவுக்கென்று பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் கூடங்கள் கட்டுகிறார்களாம், எல்லாச் சரக்கும் அங்கே போகிறது என்றார் கடைக்காரர். எங்கோ கட்டுகிற கூடத்துக்கு இங்கே நம் சீட்டுப் பணம் கரைகிறது பாருங்கள்!

ஒரு கடையில் ஆறாயிரம் குறைத்துச் சொன்னார்கள். விசாரித்தால் அதில் விண்டோஸே இல்லை. "நாங்களே போட்டுத் தர்றோம்க்கா, ஃப்ரீ" என்றார்கள். சூடு கண்ட பூனை அல்லவா, நான் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டேன். உரிமத்தோடு வருகிற விண்டோஸ் வாங்குங்கள். அல்லது சட்டப்படி இலவசமாகவே கிடைக்கிற லினக்ஸ் போடச் சொல்லுங்கள். இரண்டுமில்லாத நடுவழி திருட்டு வழி. வைரஸும் அந்த வழியில்தான் வரும்.

பணம் கொடுக்குமுன் நான் பார்த்தவை இவை. பெட்டியை நம் கண் முன்னால் பிரிக்கச் சொன்னேன். பெட்டியில், யந்திரத்தின் அடியில், பில்லில் மூன்று இடத்திலும் சீரியல் நம்பர் ஒன்றுதானா என்று என் பெண் வாசிக்க, நான் சரிபார்த்தேன். அமைப்பு என்ற பகுதிக்குள் போய் ராம் எவ்வளவு, பிராசஸர் எது என்று யந்திரமே சொல்வதைப் பார்த்தோம். எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திப் பார்த்தோம். வெள்ளைத் திரை வைத்துப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று கவனித்தோம். காமிரா, ஒலி, மூடித் திறக்கும் கீல் எல்லாம் பார்த்தோம். கடைப் பையன் முணுமுணுத்தான். முணுமுணுக்கட்டும்! புடவை எடுக்கும்போது மடிப்புப் பிரித்துப் பார்க்காமலா எடுக்கிறோம்?

முக்கியமாகக் கேட்டது, ரிப்பேர் என்றால் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் எடுத்துப் போக வேண்டுமா என்பது. ஒரு கம்பெனிக்கு அரியலூரில் ஆள் இல்லை, திருச்சிக்குத்தான் எடுத்துப் போக வேண்டும் என்றார்கள். பஸ் சார்ஜும் ஒரு நாள் வேலையும் போகும். வீட்டுக்கே வந்து பார்க்கிற வாரண்டி உள்ளதாகத் தேர்ந்தெடுத்தோம். அதற்காக எண்ணூறு ரூபாய் கூடக் கொடுத்தது தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பில் இருந்தால், ஏமாற்றப்பட்டோம் என்று தோன்றும்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2020-ல் என்னிடம் அந்த ஒரு துண்டுக் காகிதம் இல்லாததுதான் என் தப்பு.

எங்கள் ஊர்த் தூசி

ரெட்டிபாளையம் என்றால் சிமென்ட் ஆலை. சுண்ணாம்புக்கல் லாரி ராப்பகலாக ஓடுகிறது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இந்த வட்டாரம் கடலாக இருந்ததாம். அதனால்தான் இங்கே பூமிக்குள் சுண்ணாம்புக்கல்லும், கல்லாய்ப்போன கிளிஞ்சல்களும். வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போனால் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அந்தக் கடலின் பொடிதான் இன்று எங்கள் வீட்டு ஜன்னலில் வெள்ளையாகப் படிகிறது.

இந்தத் தூசி கம்ப்யூட்டருக்கு எமன். உள்ளே சூட்டைத் தணிக்க ஒரு சின்ன விசிறி ஓடுகிறது. அதன் வழியில் தூசி அடைத்தால் சூடு ஏறி யந்திரம் மெதுவாகும், ஆயுளும் குறையும். நான் செய்வது என்னவென்றால், அணைத்து ஆறின பிறகு பழைய பருத்தித் துணியால் மூடுகிறேன். ஓடும்போது மூடக்கூடாது. வாரம் ஒரு முறை காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் காற்று வழியைத் துடைக்கிறேன். ஈரத் துணி படவே கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் கொடுத்து உள்ளே சுத்தம் செய்கிறோம். மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்துப் பார்த்தால் அடியில் உள்ள காற்று வழி மூடிக்கொள்ளும். பேர்தான் மடிக்கணினி, மடியிலும் வைக்காதீர்கள். சூடு நம் தொடைக்கும் ஆகாது.

மின்சாரப் பாய்ச்சலைத் தாங்கும் நீட்டுப் பலகை ஒன்று ரூ. 600-க்கு வாங்கினோம். இடி மின்னல் என்றால் அதையும் நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிடுகிறோம்.

கழுத்தும் கண்ணும்

லேப்டாப்பில் ஒரு பெரிய குறை உண்டு. திரையும் எழுத்துப் பலகையும் ஒட்டிக்கொண்டிருப்பதால், கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனிகிறது. கழுத்துக்குச் சரியாக வைத்தால் கை தூக்க வேண்டியிருக்கிறது. முதல் வாரமே எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

இதற்குச் செலவில்லாத வைத்தியம் சொல்கிறேன். இரண்டு செங்கல்லைக் கழுவிக் காயவைத்துக் காகிதம் சுற்றி, மேலே ஒரு மணைப்பலகையைப் போட்டு, அதன்மேல் லேப்டாப்பை வையுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். தனியாக ஒரு எழுத்துப் பலகையும் மவுஸும் வாங்கிக் கீழே வையுங்கள். இரண்டும் சேர்த்து எங்களுக்கு ரூ. 900 ஆயிற்று. முழங்கை மேஜை உயரத்தில் மடங்கியிருக்க வேண்டும். பாதம் தரையில் பட வேண்டும். எட்டவில்லையென்றால் ஒரு மணையைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் என் பழைய தையல் மிஷின் மேஜைதான் கம்ப்யூட்டர் மேஜை.

திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுக் கூசக் கூடாது. ஆகவே, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். கண் டாக்டர்கள் சொல்லும் 20-20-20 கணக்கை எங்கள் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ளதை, 20 வினாடி பார்க்க வேண்டும். எனக்கு வாசலில் உள்ள வேப்பமரம்தான் 20 அடி. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துபோகிறது. கண் எரிச்சலுக்கு அது ஒரு காரணம். வேண்டுமென்றே சிமிட்டுங்கள். வளரும் பிள்ளைகளைத் தினமும் வெளியில் வெயில் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். கிட்டப்பார்வை வராமல் இருக்க அது உதவும் என்று கண் டாக்டர்களே சொல்கிறார்கள்.

நம் எழுத்து, நம் விரல்

இங்கிலீஷ் தெரியாதே என்று தயங்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழ் 99 என்ற எழுத்துப் பலகை அமைப்பைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலது கைக்கு. க அடித்து ஆ அடித்தால் கா. க-வை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகிறது. அம்மா என்று முதன்முதலில் அடித்தபோது சின்னப்பிள்ளை மாதிரி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். விண்டோஸிலேயே மொழிப் பகுதியில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். தனியாகக் காசு வேண்டாம். தினம் அரை மணி உட்கார்ந்தால் பத்து நாளில் விரல் பழகிவிடுகிறது.

கணக்குக்கும் கடிதத்துக்கும் லிபர் ஆபீஸ் என்ற மென்பொருள் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் ஏராளமாக இருக்கின்றன. அத்தைக்குப் பெரிய எழுத்தாக்கி வைத்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் அந்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிப் பிடிக்க வாய்ப்பு.

பரணில் இருந்த பொக்கிஷம்

கடைசியாக, நான் எதிர்பாராத ஒன்று. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். என் அண்ணன் மகளுக்கு 2018-ல் பிளஸ் டூ படிக்கும்போது அப்படி ஒன்று கிடைத்தது. கல்யாணமாகிப் போகும்போது, "வச்சுக்கங்க அத்தை, பசங்களுக்கு ஆகும்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். திறக்கவே பத்து நிமிஷம் ஆனதால் பரணில் ஏற்றிவிட்டோம்.

கடையில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். ரிப்பேர் பார்க்கும் தம்பி, "அக்கா, அதைக் கொண்டாங்க, தூக்கிப் போட்டுராதீங்க" என்றார். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டார். 4 ஜிபி ராமுக்கு விண்டோஸ் பாரம் என்று, சி-டாக் நிறுவனம் தயாரித்த பாஸ் லினக்ஸைப் போட்டார். பொருளும் கூலியும் சேர்த்து ரூ. 3,200. இப்போது அரை நிமிஷத்தில் திறக்கிறது! அது என்னுடையது. குழுக் கணக்கு முழுக்க அதில்தான். போன மாதம் ஒரு ரூபாய்கூட இடிக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று இருக்கலாம். முதலில் அதை இறக்கிப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய கம்ப்யூட்டர் அதுவாகவே இருக்கலாம். நிஜமாகவே உபயோகமில்லை என்றால் குப்பையில் போடாதீர்கள், எரிக்காதீர்கள். உள்ளே ஈயம் முதலான நஞ்சு உண்டு. மின்கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

செலவுக் கணக்கு

8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., விண்டோஸ் உரிமத்தோடு புது லேப்டாப்: ரூ. 38,500
தனி எழுத்துப் பலகை, மவுஸ்: ரூ. 900
பழைய லேப்டாப் ரிப்பேர்: ரூ. 3,200
நீட்டுப் பலகை: ரூ. 600
மொத்தம்: ரூ. 43,200

சீட்டுப் பணத்தில் மிச்சம் ரூ. 16,800. சங்கிலிக்கு வட்டி ரூ. 10,800 கட்டியாயிற்று. பாக்கி ரூ. 6,000-ஐ அசலில் கட்டினேன். சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. ஆனால், ஏல நோட்டீஸ் வரவில்லை. இந்த வருஷ உதவித்தொகை விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே வீட்டில் உட்கார்ந்து போட்டுவிட்டாள் என் பெண்.

போட்டோக்களை மட்டும் இப்போது இரண்டு கம்ப்யூட்டரிலும், ஒரு சின்ன பென் டிரைவிலும், ஆக மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். அப்பா படம் போனது போனதுதான். அத்தை படமாவது இருக்க வேண்டும் அல்லவா? நேற்றுகூடத் திருப்பூர் நாத்தனாரோடு பேசும்போது அத்தை திரையைத் தடவிப் பார்த்தார்கள். "பெரிசாத்தான் தெரியுறா" என்றார்கள்.

வாங்குமுன் நாலு நாள் யோசியுங்கள், சகோதரிகளே. வாங்கினபின் தைரியமாகத் தொடுங்கள். கைபட்டால் கெட்டுப்போகிற சாமான் இல்லை அது.

அடுத்த இதழில் சந்திப்போம்.